மிஷின் அண்ணி கம்ப்யூட்டரில் வைத்த தனிக்குடித்தனம்

அந்த மரப்பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பட்டறை முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவரின் மனைவி என்பதால் தம்பிக்கு அவள் அண்ணி. தம்பி கூப்பிடுவதைக் கேட்டு வேலையாட்களும் அண்ணி என்றார்கள். மரம் செதுக்கும் மிஷின் அவள் கைக்கு வந்த பிறகு மிஷின் அண்ணி ஆகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்த பாலிஷ்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்கு அண்ணன்னு யாரும் பொறக்கல. ஆனா அண்ணி இவங்கதான்" என்பார்.

ரம்பம் ஓடும்போதும் அவள் குரல் எட்டுத் திசையும் கேட்கும். ரம்பம் நின்ற பிறகுதான் தெரியும், அவள் கத்தவில்லை, சும்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்று.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் கையில் கொடுக்கப்பட்டது உப்புத்தாள். கதவோ ஜன்னலோ கட்டில் காலோ, எது வந்தாலும் வழுவழுப்பாகும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தே போனது. போனில் விரலை வைத்தால் பூட்டு திறக்காது. "என் போனுக்கே என்னை யாருன்னு தெரியல" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குள்ளே கொஞ்சம் எரிச்சலும் இருக்கும்.

அப்புறம் செகண்ட் ஹேண்டில் அந்த மிஷின் வந்தது. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் பலகையில் அதை அப்படியே செதுக்கித் தரும். விற்றவர் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஓட்ட ஒரு ஆப்பரேட்டரை வைத்தார்கள். அவன் ஒருநாள் கதவில் பாதிப் பூவைச் செதுக்கிவிட்டு டீ குடிக்கப் போனவன், போனவன்தான். மீதிப் பூவைச் செதுக்கியது அண்ணி. தினமும் அவனுக்கு டீ கொண்டு போனவள், டம்ளர் காலியாகும்வரை அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்று பார்த்திருக்கிறாள். அது போதுமானதாக இருந்தது.

போதுமானதாக இருந்தது என்று சொல்வதும் தப்புதான். எத்தனை பலகையை ஓட்டை போட்டாள், எத்தனை முறை கம்ப்யூட்டரைப் படுக்க வைத்தாள் என்பதெல்லாம் பட்டறைக்கே தெரியும். திரையில் வரும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அர்த்தம் தெரியாததைப் போனில் கேட்பாள். அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து என்டர் தட்டும்போது, அடுப்பில் தாளிப்பு போடுகிறவள் மாதிரி கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்வாள். போகப் போக அந்தப் பயமும் போனது. கண்ணாடித் தடுப்பு வைத்த மிஷின் ரூம் அவளுடைய ராஜ்யமானது. கீபோர்டுக்குப் பாலிதீன் உறை, மானிட்டருக்குப் பழைய துணி, தூசி வராமல் கதவிடுக்கில் ஸ்பாஞ்சு. சாவி அவள் இடுப்பில்.

சின்னவருக்கு, அதாவது கொழுந்தனுக்கு, இதுதான் உறுத்தல். ஆர்டர் பிடிப்பது, ஆபீஸ் பார்ப்பது அவர் வேலை. ஆள் நல்லவர்தான், ஆனால் பளபளப்பு வேண்டும். இன்னொரு பட்டறையில் சீருடை போட்ட ஆப்பரேட்டர் ஏசி ரூமில் உட்கார்ந்து மிஷின் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ஒரு கம்பெனிக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். கம்பெனியே மிஷினுக்குப் புது சிஸ்டம் போடும், ஆளும் அனுப்பும்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாடிப்படி ஆர்டர் வந்தது. கைப்பிடிக்குக் கீழே வரிசையாகச் செதுக்கல் பலகை, கொடியும் இலையுமாக. கஸ்டமர் அனுப்பிய படத்தை அண்ணி திறந்தாள். திறக்கவில்லை. புது வகை ஃபைல், இவளிடம் இருக்கும் படம் வரையும் புரோகிராம் பழசு.

சின்னவர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, படம் ஓடலையா?"

"படம் ஓட இது என்ன தியேட்டரா? கொஞ்சம் இருங்க தம்பி."

"நான் இருக்கேன். கஸ்டமர் இருக்க மாட்டாரே. இன்னிக்கு சாயந்தரம் கம்பெனிக்காரர் வர்றாரு. பேசாம ரூமை அவர்கிட்ட விட்டுருவோம். உங்களுக்கும் ஏன் இந்த வயசுல தலைவலி?"

"இந்த வயசுலயா? எனக்கு என்ன வயசாச்சு?" ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தவன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். "சாயந்தரம் அவர் வர்றதுக்குள்ள இந்தப் படத்தை இந்த மிஷின்லயே செதுக்கிக் காட்டறேன்."

"காட்டுங்க. காட்டிட்டா ரூம் உங்களுது, நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன். காட்டலேன்னா சாவி அவருக்கு."

"சரி."

"எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி, ஒரு கட்டு புது உப்புத்தாளைக் கொண்டுவந்து அவள் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார் சின்னவர்.

அண்ணிக்குக் காது மடல்வரை சூடேறியது. அந்தச் சூட்டில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

படம் வரையும் புரோகிராமை அப்டேட் செய்யச் சொல்லிக் கட்டளை அடித்தாள். லினக்ஸ் எதையும் கேட்காமல் செய்யாது, மரியாதை தெரிந்த ஜாதி. இன்னின்னது புதிதாக வரும், இன்னின்னது போகும், சம்மதமா என்று வரிசையாக எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருந்தது. போகும் என்ற வரிசையில் மிஷினை ஓட்டும் புரோகிராமின் பெயரும் இருந்தது. கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அண்ணி பார்த்துக்கொண்டிருந்ததோ உப்புத்தாளை. சம்மதம் என்பதற்கான ஒய் எழுத்தை ஓங்கித் தட்டினாள்.

புதுப் புரோகிராம் ஜம்மென்று வந்தது. படம் திறந்தது. கொடியும் இலையும் திரை முழுக்க விரிந்தன. "பாருங்கய்யா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அடுத்து மிஷினை ஓட்டலாம் என்று அந்தப் புரோகிராமைத் தேடினால், இருந்த இடத்தில் அது இல்லை. மிஷின் ஒரு மேசை மாதிரி சும்மா நின்றது.

நடந்தது என்னவென்று கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. படம் வரையும் புரோகிராம், மிஷின் ஓட்டும் புரோகிராம் இரண்டுமே ஒரு துணைப் பேக்கேஜை, அதாவது தங்களுக்குப் பின்னால் வேலை செய்யும் ஒரு சின்னப் புரோகிராம் பொட்டலத்தை, நம்பி இருப்பவை. படம் வரையும் புதுப் புரோகிராம், அந்தத் துணைப் பேக்கேஜிலும் புதுசுதான் வேண்டும் என்றது. மிஷினை ஓட்டுகிறதுக்கோ பழசுதான் ஒத்துக்கொள்ளும். வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம். புதுசு உள்ளே வர, பழசு வெளியே போக, அதை நம்பி இருந்த மிஷின் புரோகிராமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது.

"போனா என்ன, திரும்பக் கூப்பிடுவோம்" என்று கட்டளை அடித்தாள். எனக்குப் பழைய துணைப் பேக்கேஜ் வேண்டும், அது இங்கே இல்லை என்றது மிஷின் புரோகிராம். சரி, பழசையே இறக்குவோம் என்று இணையத்தில் லினக்ஸ் கடையைத் திறந்தாள். அங்கே புதுசு மட்டும்தான். பழசை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வேறொரு கடையிலிருந்து கொண்டுவரப் பார்த்தாள். அது கேட்ட சம்மதத்தை இந்தத் தடவை விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். போகிறவை வரிசையில் அந்தத் திரையே இருந்தது. மவுசு இருந்தது. கிட்டத்தட்ட கம்ப்யூட்டரே இருந்தது.

"அடப்பாவி, வீட்டையே காலி பண்ணப் பாக்கறியே" என்று சொல்லி வேண்டாம் என்று தட்டினாள்.

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார். கையில் துணி, துணியில் வார்னிஷ்.

"அண்ணி, யாரைத் திட்டறீங்க? நான் இல்லையே?"

"உங்களை இல்ல. இங்க ரெண்டு பேரு, ஒருத்தன் வந்தா ஒருத்தன் வெளிய போறான். ரெண்டு பேருக்கும் ஒரே சாமான் வேணும். ஆனா ஒருத்தனுக்குப் புதுசு, ஒருத்தனுக்குப் பழசு."

"இவ்வளவுதானா? எங்க வீட்டுல இதே பஞ்சாயத்துதான். ரெண்டு மருமகளுக்கும் ஒரே அடுப்பு. பெரியவ உப்பை முன்னாடி போடணும்பா, சின்னவ பின்னாடி போடணும்பா. தனித்தனியா அடுப்பு வெச்சுக் குடுத்தேன். இப்ப ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போறாளுங்க. என்னைத்தான் ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்ல."

அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் எங்கேயோ ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

மதியச் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. சின்னவர் இரண்டு தடவை அந்தப் பக்கமாக நடந்தார். இரண்டு தடவையும் மணியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூன்றாவது தடவை, "கம்பெனிக்காரர் கிளம்பிட்டாராம்" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் பெரியவர் உள்ளே வந்தார். அவள் புருஷன். பேச்சில் அவளுக்கு நேர் எதிர், வாயில் ஆணி வைத்தே பழகியதாலோ என்னவோ. வாசல் கதவொன்றை இறக்கும்போது மூலை பெயர்ந்துவிட்டது. மிஷின் ரூமின் பின்சுவரில் வெட்டுத்துண்டு அடுக்கு இருக்கிறது. அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம். எந்த வேலையில் மிஞ்சும் துண்டையும் எரிக்க மாட்டார்கள். கஸ்டமர் வீட்டில் பொருத்தி முடிக்கும்வரை சாக்பீஸால் அடையாளம் எழுதி வைத்திருப்பார்கள். மூலை பெயர்ந்தால் அதே மரத்துத் துண்டு வேண்டும். வேறு மரத்தை ஒட்டினால் ரேகை சேராது, எவ்வளவு பாலிஷ் போட்டாலும் ஒட்டு ஒட்டாகவே தெரியும். இந்த அடுக்கைத் தூக்கிவிட்டு அங்கே சோபா போட வேண்டும் என்பது சின்னவரின் நெடுநாள் ஆசை.

பெரியவர் துண்டு துண்டாக எடுத்து, சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

"கடையில போய் ஒரு துண்டு வாங்கக் கூடாதா?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடையில இந்த மரம் இப்ப ஏது? வெட்டும்போது மிஞ்சினதுதான்."

அண்ணியின் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

"என்னங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எதை?"

"மிஞ்சினதுன்னீங்களே!" நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "இறக்கின பேக்கேஜ் எல்லாத்தையும் நானும் எடுத்து வெச்சிருக்கேனே! கடையில எதுக்குய்யா தேடிக்கிட்டிருக்கேன்?"

லினக்ஸ், கடையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு பேக்கேஜிலும் ஒரு பிரதியை உள்ளே ஒரு இடத்தில் போட்டு வைக்கும். கம்ப்யூட்டர் நிறைந்துபோய் மெதுவாக ஓடியபோது, "குப்பையைத் தள்ளுங்க அண்ணி" என்று சின்னவர்தான் தொல்லை கொடுத்தார். தள்ள மனசு வரவில்லை. பட்டறைப் பெண் ஆயிற்றே. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தாள். எங்கே வைத்தோம் என்பதுதான் இப்போது நினைவில்லை.

மேசை இழுப்பறை கவிழ்ந்தது. கருவிப் பெட்டி கவிழ்ந்தது. பாலிஷ்காரர் ஓடிவந்து ஒரு பக்கம் தேடினார், எதைத் தேடுகிறோம் என்று கேட்டுக்கொண்டே தேடினார். கடைசியில் பெரியவர்தான் ஜன்னல் மேலிருந்த கீல் டப்பாவை இறக்கினார். கீல்களுக்கு நடுவே பென் டிரைவ். அதில் ஒட்டிய தாளில் அவள் கையெழுத்திலேயே 'துண்டு' என்று எழுதியிருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத" என்றார் பெரியவர். "நீ எதை ஒளிச்சாலும் கீல் டப்பாலதான் ஒளிப்ப."

பழைய துணைப் பேக்கேஜ் அதில் இருந்தது. மிஷின் புரோகிராமும் இருந்தது.

இனி அவசரமில்லை, அதாவது அவசரம் இருந்தது, ஆனால் அண்ணி அதைக் கண்டுகொள்ளவில்லை. பாலிஷ்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்தாள். "நான் ஒவ்வொரு வரியா சத்தமாப் படிப்பேன். போறதுங்கற வரிசையில மிஷின் பேரு வந்தா என் கையைத் தட்டி விட்ருங்க."

"கை வார்னிஷா இருக்கே அண்ணி."

"பரவாயில்ல, தட்டுங்க."

புதிய துணைப் பேக்கேஜைப் பழையதாக மாற்றச் சொன்னாள். பின்னோக்கிப் போகிறாய், தெரிந்துதான் செய்கிறாயா என்று லினக்ஸ் கேட்டது. "தெரிஞ்சுதான்யா" என்றாள். படித்தாள். போகிறவை வரிசையில் படம் வரையும் புதுப் புரோகிராம் மட்டும் இருந்தது. போகட்டும். மிஷின் புரோகிராம் வருகிறவை வரிசையில் இருந்தது. ஒய் எழுத்தை இந்தத் தடவை மெதுவாக, ஒரே ஒரு விரலால் அமுக்கினாள்.

மிஷினுக்குள் மோட்டார் முனகிற்று. பாலிஷ்காரர், "வந்துட்டான், வந்துட்டான்" என்று குதித்தார்.

வந்தவனை மறுபடி யாரும் கிளப்பிவிடக் கூடாது. பட்டறையில் பெரியவர் ஒரு பலகையில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டுவிட்டால், அதை யாரும் தொடக் கூடாது என்று அர்த்தம், சின்னவர்கூடத் தொடமாட்டார். லினக்ஸிலும் அப்படி ஒரு கோடு உண்டு. ஒரு பேக்கேஜைப் பிடித்து நிறுத்திவைக்கும் கட்டளை. எந்த அப்டேட் வந்தாலும் அதை அசைக்காது. மிஷின் புரோகிராமுக்கும் துணைப் பேக்கேஜுக்கும் அந்தக் கோட்டைப் போட்டாள்.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. படம் இன்னும் திறக்கவில்லையே.

"பாலிஷ்காரரே, உங்க மருமகளுங்க கதையை இன்னொரு தடவை சொல்லுங்க."

"இப்பவா?"

"அடுப்பு வெச்சுக் குடுத்ததை மட்டும்."

"தனித்தனி அடுப்பு, தனித்தனி சாமான். குழம்பு வெச்சா கிண்ணத்துல ஊத்திப் பக்கத்து வீட்டுக்குக் குடுப்பாளுங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மிஷின் புரோகிராமுக்கு வேண்டியது படம் வரையும் புரோகிராம் அல்ல, அது செய்து தருகிற ஃபைல். அந்தக் கிண்ணம் வந்தால் போதும், அடுப்பு ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை. படம் வரையும் புரோகிராமைச் செய்கிறவர்கள் அதை இன்னொரு விதமாகவும் கொடுக்கிறார்கள். வேண்டிய துணைப் பேக்கேஜ் அத்தனையையும் உள்ளேயே வைத்துக் கட்டிய ஒரே மூட்டை. வீட்டில் இருக்கும் எதையும் அது தொடாது, தன் சாமானை எடுத்துத் தானே சமைத்துக்கொள்ளும். அந்த மூட்டையைப் பலமுறை பார்த்திருக்கிறாள். கனமாக இருக்கிறதே, இடத்தை அடைக்குமே என்று ஒதுக்கியிருக்கிறாள். இப்போது இறக்கினாள். இறங்கும்வரை கீபோர்டு உறை மேல் விரலால் தாளம் போட்டாள்.

மூட்டையைத் திறந்தாள். புதுப் புரோகிராம் எழுந்து உட்கார்ந்தது. கொடியும் இலையும் விரிந்தன. பக்கத்திலேயே மிஷின் புரோகிராமும் திறந்திருந்தது. இரண்டும் ஒரே திரையில், ஒன்றை ஒன்று முறைக்காமல்.

"தனிக்குடித்தனம் வெச்சுட்டேன்யா!" என்றாள் அண்ணி. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் தெருவரை கேட்டிருக்கும்.

கம்பெனிக்காரர் பையுடன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மிஷின் முதல் இலையைச் செதுக்கத் தொடங்கியது. சின்னவர் அவரை அழைத்துக்கொண்டு வந்து கண்ணாடித் தடுப்பு முன்னால் நின்றார். மரத்தூள் பொன்னிறமாகத் தெறித்தது. இலையின் நரம்பு ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. பெரியவர் கையில் பெயர்ந்த மூலைக்கான துண்டோடு நின்று பார்த்தார். வேலை நின்றுவிட்டது என்று யாரும் யாரையும் அதட்டவில்லை.

கம்பெனிக்காரர் குனிந்து பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "சுத்தமா வெட்டுது. நல்லாத்தானே ஓடுது சார், என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

சின்னவர் அண்ணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "டீ சாப்பிடத்தான்" என்றார்.

நல்ல மனிதர், டீயைக் குடித்தார். போகும்போது எந்த சிஸ்டம் என்று அண்ணியிடம் விசாரித்தார். அவளும் பேக்கேஜ் சண்டை முழுவதையும் ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். அவர் கடைசி வண்டியைத் தவறவிட்டார் என்று பிறகு கேள்வி.

அவர் போன பிறகு சின்னவர் மிஷின் ரூமுக்குள் வந்தார். கதவைத் தட்டிவிட்டு வந்தார், அதுவே புதுசு.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி."

"அது எங்கயும் போகலையே தம்பி." இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "அந்தப் பின்சுவர் அடுக்கு?"

"அதுவும் இருக்கட்டும். சோபா வேண்டாம்."

"சரி. இந்தாங்க." காலையில் அவர் வைத்த உப்புத்தாள் கட்டை, பிரிக்காமல் இருந்ததை, அவர் கையில் வைத்தாள். "செதுக்கின பலகைக்கு ஓரம் தேய்க்கணும். ஆள் பத்தல."

"அண்ணி, சட்டை புதுசு."

"கழட்டி மாட்டிட்டுத் தேய்ங்க. ஆணி அங்க இருக்கு."

பாலிஷ்காரர் வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சின்னவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாயில் ஆணியை வைத்துக்கொண்டார், பேச முடியாது என்பதற்கு அடையாளமாக. வேறு வழியில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து தேய்த்தார் சின்னவர்.

"ரேகை வழியாத் தேய்ங்க தம்பி, குறுக்கால தேய்க்காதீங்க" என்று கண்ணாடிக்கு உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

மாடிப்படி போய்ப் பொருந்திவிட்டது. மிஷின் ரூமில் இன்றும் அவள்தான். அப்டேட் வந்திருக்கிறது என்று திரையின் மூலையில் காட்டினால், "பாலிஷ்காரரே, வாங்க, வாசிக்கலாம்" என்று கூப்பிடுவாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். அவள் வரிவரியாகச் சத்தமாகப் படிப்பாள், வருகிறது யார், போகிறது யார் என்று. கடைசியில் ஒரு வரி வரும்: இந்த இரண்டு பேக்கேஜ்களும் இருந்த இடத்திலேயே வைக்கப்படுகின்றன.

"நம்ம கோடு" என்பார் பாலிஷ்காரர்.

அதற்குப் பிறகுதான் ஒய் எழுத்து.